பழைய சட்டையை விற்கலாமா?



உங்கள் வீட்டு பீரோவைத் திறந்து, உங்கள் துணிகள் இருக்கும் தட்டை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். துவைத்துக் காய்ந்து மடித்த சட்டை எங்கே போகிறது? அடுக்கின் மேலே. மறுநாள் காலை அவசரத்தில் உங்கள் கை எதை எடுக்கிறது? அதே மேல் சட்டையை. ஆகவே மேலே உள்ள நாலைந்து உடைகள் மட்டும் மாறி மாறிச் சுழன்றுகொண்டிருக்கின்றன. அடியில் உள்ளவை அசைவதே இல்லை. கணினி பயில்வோர் இத்தகைய அமைப்பை ‘கடைசியில் வந்தது முதலில் போகும்’ என்ற விதியால் விளக்குவார்கள். உங்கள் பீரோவும் அந்த விதியைத்தான் பின்பற்றுகிறது!

அடித்தட்டில் உறங்கும் இந்தத் துணிகளை என்ன செய்வது? கைபேசியில் படம் எடுத்து இணையத்தில் போட்டு விற்றுவிடலாம் என்று இப்போது பலர் சொல்கிறார்கள். பீரோவில் இடம் கிடைக்கும், கையில் காசு கிடைக்கும், பூமிக்கும் நன்மை என்பது அவர்கள் வாதம். ‘உடுத்திய துணியை விற்பதா? வெட்கம்!’ என்பது வேறு சிலரின் வாதம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விற்கலாம், விற்பது நல்லதே. ஆனால் காலியான தட்டையும் கைக்கு வந்த காசையும் கொண்டு அந்த நன்மையை அளக்கக் கூடாது. ஒரு துணி அதன் ஆயுளில் எத்தனை முறை உடுத்தப்பட்டது என்பதே சரியான அளவுகோல். ஏன் என்று பார்ப்போமா?

சட்டையின் கணக்கு

250 கிராம் எடையுள்ள ஒரு பருத்திச் சட்டையை எடுத்துக்கொள்வோம். பருத்தி விளைந்து, நூலாகி, சாயம் ஏறி, துணியாகும் வரை, கிலோ ஒன்றுக்கு உலகச் சராசரியாக ஏறத்தாழ 10,000 லிட்டர் நீர் செலவாவதாக நீர்ப் பயன்பாட்டை ஆராய்வோர் மதிப்பிட்டிருக்கிறார்கள். அப்படியானால் நம் சட்டைக்கு 2,500 லிட்டர். இதில் பாதிக்கு மேல் வயலில் பெய்த மழைநீர் என்பதையும் சொல்ல வேண்டும். எஞ்சியது பாசனநீரும், கழிவுகளின் மாசைத் தணிக்கத் தேவைப்படும் நீரும் ஆகும்.

கழிவு என்றதும் நமக்கு நொய்யல் ஆறு நினைவுக்கு வர வேண்டும். அந்த ஆற்றில் சாயக்கழிவு கலந்ததால் கரையோர உழவர்கள் பட்ட துன்பம் பல ஆண்டுகள் வழக்காக நடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிடும் அளவுக்குப் போயிற்று. சட்டையின் விலைச்சீட்டில் இந்தச் செலவு அச்சிடப்படுவதில்லை.

இப்போது ஓர் எளிய வகுத்தல். அந்தச் சட்டையை நீங்கள் 10 முறை மட்டுமே உடுத்திவிட்டு அடித்தட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை உடுத்த ஆன நீர் 250 லிட்டர். அதே சட்டையை இன்னொருவர் வாங்கி மேலும் 40 முறை உடுத்தினால்? 2,500-ஐ 50-ஆல் வகுக்க வேண்டும். விடை 50 லிட்டர். நீருக்குச் சொன்னது ஆற்றலுக்கும் பொருந்தும், சாயத்துக்கும் பொருந்தும், நெய்தவர் தைத்தவர் உழைப்புக்கும் பொருந்தும். சட்டை பிறந்தபோது ஆன செலவு ஆனதுதான். அந்தத் தொகுதி எண்ணை இனி நம்மால் குறைக்க முடியாது. பகுதி எண்ணைத்தான் பெரிதாக்க முடியும்.

இந்தக் கணக்கு ஏன் இப்போது அவசரமாகிறது? 2000-ஆம் ஆண்டில் உலகம் உற்பத்தி செய்த இழை ஏறத்தாழ 5 கோடியே 80 லட்சம் டன். 2023-இல் அது 12 கோடியே 40 லட்சம் டன். ஆடை மட்டுமின்றி விரிப்பு, திரைச்சீலை போன்றவையும் இதில் அடக்கம். இதே காலத்தில் மக்கள்தொகை மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே கூடியது. இழையோ இரு மடங்குக்கு மேலாகிவிட்டது.

அரிசியும் உளுந்தும்

‘ஏன் கவலை? பழைய துணியை அரைத்துப் புதுத் துணி செய்துகொள்ளலாமே!’ என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இங்கேதான் இயற்பியல் குறுக்கிடுகிறது.

ஒரு படி அரிசியையும் ஒரு படி உளுந்தையும் ஒரே முறத்தில் கொட்டிக் கலந்துவிடுங்கள். கலக்க ஒரு நொடி போதும். இனி அதைப் பிரித்துத் தாருங்கள் என்று கேட்டால்? அரைநாள் உட்கார்ந்து பொறுக்க வேண்டும். கலப்பது எளிது, பிரிப்பது கடினம். பொருள்கள் தாமாகவே கலந்து பரவும் போக்குடையவை. கலந்ததைப் பிரிக்க வெளியிலிருந்து ஆற்றல் செலவிட்டே ஆக வேண்டும். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியும், அதோடு வரும் ‘என்ட்ரோபி’ என்ற கருத்தும் இதைத்தான் மூலக்கூறுகளின் மட்டத்தில் துல்லியமாகச் சொல்கின்றன. அரிசி உளுந்து என்பது ஓர் ஒப்புமையே. ஆனாலும் நம் தேவைக்கு அது போதும்.

உங்கள் பள்ளிச் சட்டை ‘டெரிகாட்டன்’ துணியாக இருக்கக்கூடும். அதன் ஒவ்வொரு நூலிலும் பருத்தி இழையும் பாலியஸ்டர் இழையும் முறுக்கிச் சேர்க்கப்பட்டுள்ளன. பருத்தி என்பது செடி தந்த செல்லுலோஸ். சூடேற்றினால் உருகாது, கருகும். பாலியஸ்டர் பெட்ரோலியத்திலிருந்து வருவது. 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இரு வேதியியலார் அந்த இழையை உருவாக்கினர். தண்ணீர்ப் புட்டியின் பிளாஸ்டிக்கும் இதே வேதிப்பொருள்தான். அது ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸில் உருகும். இந்த இரண்டையும் நூலுக்குள்ளிருந்து பிரிப்பது அரிசி உளுந்தைப் பிரிப்பதைவிடப் பல மடங்கு கடினம். பொத்தான், ஜிப், தையல்நூல், அச்சிட்ட படம் ஆகியவை வேறு. 2023-இல் உற்பத்தியான மொத்த இழையில், பழைய துணியும் துணிக்கழிவும் மீண்டும் இழையாக மாறியது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

அரைக்கும் தொழில் இல்லாமல் இல்லை. 1813-இல் இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் பேட்லி என்ற ஊரில் பெஞ்சமின் லா என்பவர் கம்பளிக் கந்தல்களைப் பிய்த்து மீண்டும் நூலாக்கும் முறையைக் கண்டார். அந்த நூலுக்கு ‘ஷாடி’ என்று பெயர். இன்று அத்தொழிலின் பெரிய மையம் நம் நாட்டில் ஹரியாணாவிலுள்ள பானிப்பட். அங்கே பழைய கம்பளி உடைகளை நிறம்வாரியாகப் பிரித்து வெட்டிப் பிய்த்து, கம்பளிப் போர்வைகளாக நெய்கிறார்கள். நிறம்வாரியாகப் பிரிப்பதால் மீண்டும் சாயமிடும் செலவு பெரிதும் மிச்சமாகிறது. பாராட்ட வேண்டிய தொழில். ஆனால் பிய்க்கும்போது இழைகள் அறுந்து குட்டையாகின்றன. குட்டை இழை மென்மையான நூலைத் தராது. முரட்டு நூலைத்தான் தரும். ஸ்வெட்டர் போர்வையாகலாம், அந்தப் போர்வை மீண்டும் அதே ஸ்வெட்டராகாது. ஒவ்வொரு முறையும் தரத்தில் ஒரு படி இறங்கத்தான் வேண்டும்.

எனவே சட்டையைச் சட்டையாகவே இன்னொருவர் உடுத்துவதுதான் மிகக் குறைந்த செலவுள்ள மறுபயன்பாடு. அரைக்க வேண்டாம், உருக்க வேண்டாம். துவைத்தால் போதும்.

தகவல் முன்னே, துணி பின்னே

பழைய துணியை மாற்றிக்கொள்வது நமக்குப் புதிதன்று. தெருவில் ‘பழைய துணிக்குப் பாத்திரம்!’ என்று குரல் கொடுத்து வந்தவரிடம் நம் பாட்டிமார் பேரம் பேசி எவர்சில்வர் கிண்ணம் வாங்கியிருக்கிறார்கள். அக்காள் பாவாடை தங்கைக்கு வந்தது. அம்மாவின் பழம்புடவை குழந்தைக்குத் தூளி ஆயிற்று. இதிலும் அறிவியல் உண்டு. நெய்யும்போது பாவு நூலுக்குப் பூசிய கஞ்சி பல துவைப்பில் முழுவதும் நீங்கி, நூல் தளர்ந்து, துணி மென்மையாகிறது. பிறந்த குழந்தையின் தோலுக்குப் புதுத்துணியைவிடப் பழம்புடவை இதமாக இருப்பது இதனால்தான்.

அப்படியானால் இணையம் புதிதாக என்ன செய்துவிட்டது?

2004 டிசம்பர் சுனாமியை எண்ணிப் பாருங்கள். நல்ல மனம் படைத்த மக்கள் ஊர் ஊராகத் துணி திரட்டி லாரிகளில் தமிழகக் கடற்கரைக்கு அனுப்பினார்கள். அவற்றில் பெரும் பகுதி அங்கிருந்தோருக்குப் பொருந்தாத துணி. யாருக்கு எந்த அளவு, எந்த வகை தேவை என்ற தகவல் இல்லாமலே துணி வந்துவிட்டது. அவை சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. பின்னர் ‘கூஞ்ச்’ என்ற தொண்டு நிறுவனம் அப்படித் தேங்கிய துணிகளைத் திரட்டி, தரம் பிரித்துப் பயன்படுத்தியது. 1999-இல் அதைத் தொடங்கிய அன்ஷு குப்தா 2015-இல் மகசேசே விருது பெற்றார். நினைத்துப் பாருங்கள்: குவிப்பதற்குச் சில நாள்தான், பிரிப்பதற்கு ஒரு நிறுவனமே உழைக்க வேண்டியிருந்தது. மீண்டும் அரிசி உளுந்துக் கதை!

இணைய விற்பனையில் இந்த வரிசை தலைகீழாகிறது. சட்டையின் அளவு என்ன, நிறம் என்ன, காலரில் நைந்திருக்கிறதா என்பதெல்லாம் உடுத்தியவருக்கே நன்றாகத் தெரியும். அவரே படமெடுத்து எழுதிவிடுகிறார். அதாவது பொறுக்கிப் பிரிக்கும் வேலை துணி கிளம்பும் முன்பே முடிந்துவிடுகிறது. முதலில் தகவல் பயணம் செய்கிறது. தேவைப்படுபவர் கண்டுகொண்ட பிறகே துணி பயணம் செய்கிறது. தகவலுக்கு எடை கிடையாது, துணிக்கு உண்டு. இணையச் சந்தையின் உண்மையான சாதனை இதுதான் என்பேன்.

1995-இல் அமெரிக்காவில் பியர் ஒமிடியார் தொடங்கிய ‘ஈபே’ சந்தையில் முதலில் விற்றது ஒரு பழுதான லேசர் சுட்டி என்று அந்த நிறுவனமே தன் வரலாற்றில் சொல்கிறது. விலை 14.83 டாலர். வாங்கியவர் பழுதான லேசர் சுட்டிகளைச் சேகரிப்பவராம்! ஒருவருக்குக் குப்பையாகத் தோன்றுவதைத் தேடிக்கொண்டு எங்கோ ஒருவர் இருக்கிறார். அவரைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். 2008-இல் லிதுவேனியாவின் தலைநகர் வில்னியஸில் மில்டா மிட்குதே என்ற இளம்பெண் வீடு மாறும்போது தன்னிடம் தேவைக்கு மேல் துணி இருப்பதைக் கண்டார். அவற்றைக் கைமாற்ற அவருடைய நண்பர் யூஸ்தஸ் யானவுஸ்கஸ் ஓர் இணையதளம் அமைத்துக் கொடுத்தார். அதுவே ‘விண்டெட்’ என்ற பெயரில் ஐரோப்பாவின் பெரிய பழந்துணிச் சந்தையாக வளர்ந்திருக்கிறது.

நம் நாட்டில் இது அவ்வளவு எளிதாக இல்லை. ‘பாஷ்மார்க்’ என்ற அமெரிக்க நிறுவனம் 2021-இல் இந்தியாவுக்கு வந்து 2023-இல் திரும்பிப் போய்விட்டது. நூறு ரூபாய்க்கு விற்கும் சட்டைக்குக் கூரியர் செலவே அதில் பாதியைத் தின்றுவிட்டால் விற்பவருக்கு என்ன மிஞ்சும்? போதாததற்கு உறை, ஒட்டுநாடா, வண்டி எரிபொருள். என் யோசனை எளியது. தகவல் இணையத்தில் போகட்டும். துணி நடந்தே போகட்டும். உங்கள் தெரு, குடியிருப்பு, பள்ளிப் பெற்றோர் ஆகியோரின் வாட்ஸ்அப் குழுக்களே இதற்குப் போதும். ஆறாம் வகுப்பு மாணவனுக்குச் சிறிதாகிப்போன சீருடை, அதே பள்ளியின் நான்காம் வகுப்பு மாணவனுக்கு அளவாக இருக்கும். அதற்கு ஏன் லாரி?

வெட்கம் யாருக்கு?

‘பிறர் உடுத்தியதை உடுத்துவதா?’ என்ற தயக்கத்தைப் பார்ப்போம். உடல்நலம் பற்றிய தயக்கம் என்றால் சோப்பும் வெந்நீரும் வெயிலும் அதற்கு விடை சொல்லும். பருத்தித் துணிமீது வைக்கும் இஸ்திரிப் பெட்டியின் சூடு 200 டிகிரி செல்சியஸை நெருங்குவது. எஞ்சும் கிருமிகளுக்கு அது கடுமையான சோதனை. விடுதி அறையில் தங்கும்போது நாம் யாரும் புதுப் படுக்கை விரிப்பு கேட்பதில்லையே!

மானம் பற்றிய தயக்கம் என்றால், அதை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். கிழிந்த துணியை ‘இந்தா, எடுத்துக்கொள்’ என்று வீட்டு வேலை செய்பவரிடமும் வயலில் உழைத்தவரிடமும் நீட்டிய பழக்கம் நம் ஊர்களில் இருந்தது, இன்றும் மறையவில்லை. அங்கே வாங்குபவருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் இல்லை. அந்தக் கசப்பை அறிந்தவர்கள் பழந்துணியை வெறுப்பதில் வியப்பென்ன?

விற்பனை இதிலிருந்து மாறுபடுகிறது. வாங்குபவர் பார்க்கிறார், பேரம் பேசுகிறார், பிடிக்காவிட்டால் போய்விடுகிறார். பத்து ரூபாயே ஆனாலும் விலை கொடுத்து வாங்கும்போது இருவரும் ஒரே தளத்தில் நிற்கிறார்கள். தானம் கூடாது என்று சொல்லவில்லை. தானமாகக் கொடுத்தாலும் துவைத்து, பொத்தான் தைத்து, மடித்து, ‘இது உங்களுக்கு வேண்டுமா?’ என்று கேட்டுக் கொடுங்கள். நீங்கள் உடுத்தக் கூசும் நிலையில் உள்ள துணியை விற்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. அது அடுப்படிப் பிடிதுணியாகவோ தரை துடைக்கும் துணியாகவோ உங்கள் வீட்டிலேயே பணி செய்யட்டும்.

ஜெவன்ஸ் தரும் எச்சரிக்கை

இனி மிக முக்கியமான இடத்துக்கு வருகிறோம். ஐந்து சட்டைகளை விற்று ஆயிரம் ரூபாய் பெற்றீர்கள். அந்தப் பணத்தோடு கடைக்குப் போய் மூன்று புதுச் சட்டைகள் வாங்கினீர்கள். இப்போது பூமிக்கு என்ன லாபம்?

1865-இல் இங்கிலாந்தின் பொருளியலாளர் ஸ்டான்லி ஜெவன்ஸ் ஒரு விந்தையைச் சுட்டிக் காட்டினார். நீராவி எஞ்சின்கள் திறன் கூடிக் குறைந்த நிலக்கரியில் வேலை செய்யத் தொடங்கின. நாட்டின் நிலக்கரிச் செலவு குறைந்திருக்க வேண்டும் அல்லவா? மாறாகக் கூடியது. எஞ்சின் சிக்கனமானதும் அதை ஓட்டுவது லாபமாயிற்று, எஞ்சின்கள் பெருகின. சிக்கனமே செலவைப் பெருக்கிவிட்டது.

துணிக்கும் இந்த ஆபத்து உண்டு. ‘சலித்தால் விற்றுவிடலாம்’ என்ற எண்ணம் வந்துவிட்டால் வாங்கும் கை தயங்காது. அப்போது இணையச் சந்தை புதுத் துணிக் கடைக்கு ஆள் பிடித்துத் தரும் தரகராகிவிடும். பழைய சட்டையை வாங்கியவர் அதனால் ஒரு புதுச் சட்டை வாங்குவதைத் தவிர்த்திருக்க வேண்டும். விற்றவரும் அந்த இடத்தைப் புதியதால் நிரப்பாதிருக்க வேண்டும். இரண்டும் நடந்தால்தான் நாம் போட்ட வகுத்தல் கணக்கு பலிக்கும். வாங்குபவர் என்ன செய்வார் என்பது நம் கையில் இல்லை. இரண்டாவது நம் கையில்தான் இருக்கிறது.

ஆகவே விற்பதைவிட உயர்ந்த செயல் ஒன்று உண்டு: இருப்பதையே இன்னும் பலமுறை உடுத்துவது. அறுந்த பொத்தானைத் தைக்க ஊசியும் நூலும் போதும். அதை ஆணும் பெண்ணும் கற்க வேண்டும்.

செய்து பாருங்கள்

ஒரு சோதனை சொல்கிறேன். உங்கள் ஒவ்வொரு துணியிலும் பொத்தான் துளையிலோ இடுப்புப் பட்டியிலோ ஒரு சிறு வண்ண நூலைக் கட்டுங்கள். உடுத்தும்போது அதை அவிழ்த்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். நூல் அவிழாத துணிகள் எத்தனை? விழாவுக்கும் மழைக்கும் குளிருக்கும் உரியவற்றை நீக்கிவிட்டு எஞ்சியதை எண்ணுங்கள். அடுக்கின் அடியிலிருந்து எடுத்து உடுத்தும் பழக்கத்தை அடுத்த மூன்று மாதம் கைக்கொண்டு, மீண்டும் எண்ணுங்கள். இரண்டு எண்களையும் ஒப்பிட்டால் எந்தத் துணி உங்களுக்கு உண்மையில் வேண்டாதது, எது வெறுமனே கண்ணில் படாமல் கிடந்தது என்பது விளங்கும். முன்னதை விற்கலாம். பின்னதை உடுத்தலாம்.

விற்பதென்று முடிவு செய்தால் பெற்றோரிடம் சொல்லி, அவர்கள் வழியாகவே விற்பனை செய்யுங்கள். குறையை மறைக்காமல் எழுதுங்கள். அளவை நாடாவால் அளந்து செ.மீ.யில் கொடுங்கள். பைகளைத் துழாவிப் பாருங்கள். படத்தில் உங்கள் முகமோ, வீட்டு முகவரியோ, பள்ளியின் பெயரோ தெரிய வேண்டாம். ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: யு.பி.ஐ. வழியாகப் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. ‘பணம் அனுப்புகிறேன், இந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள்’ என்று ஒருவர் சொன்னால் அவர் வாங்க வந்தவர் அல்லர், ஏமாற்ற வந்தவர்.

அடுத்த முறை பண்டிகைக்குத் துணி எடுக்கக் கடைக்குப் போகும்போது விலைச்சீட்டைப் பார்த்த பிறகு மனத்துக்குள் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: ‘இதை நான் ஐம்பது முறையாவது உடுத்துவேனா?’ ஆம் என்றால் தயங்காமல் வாங்குங்கள். இல்லை என்றால், அதை விற்பது எப்படி என்று பின்னால் யோசிக்க வேண்டிய வேலையே உங்களுக்கு இராது.